வெள்ளவத்தையில் கைதட்டியவர்களுக்கு

ஞாயிற்றுக்கிழமைக் கூட்டத்தில் அந்தச் சட்டத்தரணி பேசிய காணொளியை இதற்குள் எல்லோரும் பார்த்திருப்பீர்கள். பதினெட்டு வயதுக்குக் குறைந்தவர்களுக்குப் பால்மாற்றச் சிகிச்சையைத் தடுக்கும் டென்னசி மாநிலச் சட்டம் செல்லும் என்று அமெரிக்க உச்ச நீதிமன்றம் 2025 ஜூனில் தீர்ப்பளித்ததைச் சொல்லி, பிள்ளைகளின் உடலில் கத்தி வைக்க விடமாட்டோம், இங்கும் அப்படியொரு சட்டமூலம் வேண்டும் என்றார். மண்டபம் கைதட்டியது.

அவர் சொல்லாமல் விட்ட பகுதியும் அந்தச் சட்டத்திலேயே இருக்கிறது. பால்மாற்றத்துக்காகப் பதினாறு வயதுப் பிள்ளை தானே வாய்திறந்து கேட்டாலும் ஹோர்மோனை மறுக்கும் அதே சட்டம், பிறவிக் குறைபாடு என்று பெயரிட்டுவிட்டால், பேசத் தெரியாத இடைப்பாலினக் குழந்தைக்கு, அதாவது ஆண், பெண் என்ற வழக்கமான உடலமைப்புக்குள் அடங்காமல் பிறந்த குழந்தைக்கு, சத்திரசிகிச்சை செய்ய வழிவிடுகிறது. கேட்கிற பிள்ளைக்கு இல்லை, கேட்காத பிள்ளைக்கு உண்டு. இதுதான் சிறுவர் பாதுகாப்பாம்.

எங்கள் சித்தியின் பேரப்பிள்ளைக்கு இங்குள்ள ஒரு வைத்தியசாலையில் முதலாவது பிறந்தநாளுக்கு முன்பே அதைச் செய்து முடித்தார்கள். உயிராபத்து எதுவும் இருக்கவில்லை. சிங்களம் வாசிக்கத் தெரியாத தகப்பனிடம் சிங்களப் படிவத்தில் கையொப்பம் வாங்கினார்கள். பிள்ளை வளர்ந்த பிறகு, அலுமாரியில் கிடந்த கிளினிக் கொப்பியை வாசித்துத் தன் கதையைத் தானே தெரிந்துகொண்டது. அன்றைக்கு எந்த மண்டபத்தில் யார் கத்தியைப் பற்றிப் பேசினீர்கள்?

வைத்தியருக்குத் தெரியாததா உனக்குத் தெரியும் என்பீர்கள். சிறுநீர் போகும் வழி அடைபட்டிருந்தால் உடனே வெட்டட்டும், யார் மறித்தது? பார்வைக்கு ஒழுங்காக இருக்கவேண்டும் என்பதற்காக வெட்டுவதைத்தான் கேட்கிறேன். பெற்றோரின் உரிமை என்பீர்கள். டென்னசியில் சம்மதித்த பெற்றோருக்கு அந்த உரிமை இல்லை என்றபோது கைதட்டியதும் நீங்கள்தானே?

இதெல்லாம் வெள்ளைக்காரரின் இறக்குமதி என்று எழுதப்போகிறவர்களுக்கு ஒரு தகவல். 2019 ஏப்ரலில் நீதிபதி ஜி. ஆர். சுவாமிநாதன் இந்தச் சத்திரசிகிச்சைகளைத் தடுக்கும்படி உத்தரவிட்டது சென்னை உயர் நீதிமன்றத்தின் மதுரைக் கிளையிலிருந்து. உயிராபத்து இருந்தாலன்றிச் செய்யக்கூடாது என்று அதே ஆண்டு ஓகஸ்டில் தமிழக அரசு ஆணையிட்டது. மதுரை எப்போது மேற்கே போனது? இலங்கை 1991இல் ஏற்புறுதி செய்த சிறுவர் உரிமைகள் சமவாயத்தின் 12ஆம் உறுப்புரையும் பிள்ளையின் கருத்துக்கு மதிப்பளிக்கத்தான் சொல்கிறது. மீள முடியாத ஒன்றைச் செய்யுமுன் பிள்ளை வாய்திறக்கும்வரை பொறுங்கள் என்பதற்கு மேல் நான் எதையும் கேட்கவில்லை.

கைதட்டியவர்களில் எங்கள் உறவினரும் இருந்தார்கள். அந்தப் பிள்ளையைக் கல்யாண வீடுகளுக்குக் கூட்டிவராதே என்று சித்தியிடம் சொன்னவர்கள் அவர்கள். அவர்களுக்குத்தான் இன்று பிள்ளைகள் மீது இவ்வளவு கரிசனை.

சட்டத்தரணிக்கு இதையெல்லாம் எழுதிக் கேட்டேன். "அது வேறு விடயம், தங்கச்சி" என்று பதில் வந்தது. எனக்கு ஐம்பத்தாறு வயது. எது வேறு என்று விளக்கச் சொல்லியிருக்கிறேன், விளக்கினால் இங்கேயே இடுகிறேன்.