எது மாறியது என்று ஒரு வரி எழுதினால் என்ன?

நேற்று முன்தினம் இரவு 9.52 மணி. மறுநாள் காலை 8 மணிக்கு இதயவியல் தேர்வு. அன்றைக்கு மட்டும் ஆறு பாடங்களைத் திருப்பிப் பார்த்து முடித்திருந்தேன். பத்தரைக்குப் படுத்தால் ஏழு மணி நேரம் தூங்கலாம் என்று கணக்குப் போட்டு, மடிக்கணினியை மூடக் கை வைத்தேன். அப்போது வந்தது அந்த மின்னஞ்சல்: "உயர் ரத்த அழுத்தப் பாடத்தின் ஸ்லைடுகள் புதுப்பிக்கப்பட்டுள்ளன. தேர்வுக்குப் புதிய பதிப்பைப் படிக்கவும்."

அவ்வளவுதான். எந்த ஸ்லைடு, எத்தனை ஸ்லைடு, மாறியது எண்ணா எழுத்தா, ஒன்றும் இல்லை. பழைய கோப்பில் 164 ஸ்லைடுகள். புதியதிலும் 164. கோப்பின் பெயரில் மட்டும் 'இறுதி' என்பதற்குப் பக்கத்தில் இன்னொரு 'இறுதி' சேர்ந்திருந்தது.

பிசிஷியன் அசிஸ்டென்ட், அதாவது டாக்டர்களோடு சேர்ந்து நோயாளிகளைப் பார்த்துச் சிகிச்சை தருபவர், ஆவதற்கான படிப்பில் முதல் ஆண்டைக் கடந்தவர்களுக்கு நான் மேற்கொண்டு சொல்லவே வேண்டாம். உங்களுக்கும் ஒரு 9.52 இருந்திருக்கும். ஆனாலும் சொல்லித்தான் ஆக வேண்டும், இல்லையென்றால் எனக்குத் தலை வெடித்துவிடும்.

கணினியே ஒப்பிட்டுச் சொல்லாதா என்று கேட்காதீர்கள். ஸ்லைடுகளைப் படங்களாக மாற்றிப் பிடிஎஃப் ஆக்கி வைத்திருக்கிறார்கள். தேடினால் ஒரு சொல்கூட அகப்படாது. பழையதை இடப்பக்கம், புதியதை வலப்பக்கம் திறந்து வைத்துக்கொண்டு, கண்ணில் விளக்கெண்ணெய் ஊற்றிக்கொண்டு உட்கார்ந்தேன். முதல் ஸ்லைடு, தலைப்பு. அதே தலைப்பு. இரண்டாவது, கற்றல் நோக்கங்கள், பதினொன்று. பதினொன்றையும் வரிவரியாகப் படித்தேன், அதே பதினொன்று. ஒன்பதாவது ஸ்லைடில், ரத்த அழுத்தத்தைக் கட்டுப்படுத்தும் ரெனின், ஆஞ்சியோடென்சின், ஆல்டோஸ்டிரோன் சுழற்சியின் படம். அதில் எத்தனை அம்புக்குறிகள் என்று உங்களுக்குத் தெரியும். ஒவ்வொரு அம்பும் எங்கே தொடங்கி எங்கே முடிகிறது என்று விரலை வைத்துப் பார்த்தேன். ஒரு அம்பும் நகரவில்லை.

இருபத்து மூன்றாவது ஸ்லைடில் கிடைத்தது. ரத்த அழுத்த நிலைகளின் அட்டவணை. பழையதில் 120 முதல் 139 வரை 'முந்தைய நிலை', அதாவது உயர் ரத்த அழுத்தம் வருவதற்கு முந்தையது; 140/90 தொட்டால்தான் உயர் ரத்த அழுத்தத்தின் முதல் நிலை. அது அமெரிக்க தேசியக் குழு ஒன்றின் 2003ஆம் ஆண்டு அறிக்கையின் கணக்கு. புதியதில் 130/80 தொட்டாலே முதல் நிலை. அமெரிக்க இதய மருத்துவ அமைப்புகள் 2017 நவம்பரில் வெளியிட்ட வழிகாட்டுதலின் கணக்கு. அந்த மாற்றம் சரி. இத்தனை ஆண்டுகளாக அதைச் செய்யாமல் இருந்ததுதான் தவறு. ஆனால் அந்தப் பாடத்தை எங்களுக்கு நடத்தி மூன்று வாரமாகிறது. மூன்று வாரம் சும்மா இருந்துவிட்டு, தேர்வுக்குப் பத்து மணி நேரம் இருக்கும்போதுதான் 2017 நினைவுக்கு வருமா?

அப்போது மணி 10.35. அத்துடன் படுத்திருக்கலாமே என்பீர்கள். எப்படிப் படுப்பது? மாறியது அது ஒன்றுதான் என்று யார் சொன்னார்கள்? மருந்துகளின் பகுதி இன்னும் வரவே இல்லை. லிசினோபிரிலுக்குப் பக்கவிளைவு வறட்டு இருமல், அதே. ஆம்லோடிபினுக்குக் கணுக்கால் வீக்கம், அதே. தயசைடில் பொட்டாசியம் குறையும், ஸ்பைரனோலாக்டோனில் ஏறும், அதே, அதே. எண்பதாவது ஸ்லைடைத் தாண்டியதும் கண்ணில் நீர் வழியத் தொடங்கிவிட்டது. இடப்பக்கம் படித்தது வலப்பக்கம் போவதற்குள் மறந்து போகிறது, திரும்பி வந்து மறுபடி படிக்கிறேன். 117இல் ஏதோ மாறியிருக்கிறது என்று நெஞ்சு படபடத்தது. பக்க எண் கொஞ்சம் இறங்கியிருந்தது. 164ஐ முடித்தபோது மணி 2.05. இருபத்து மூன்றுக்குப் பிறகு ஒரு மருந்தளவுகூட மாறவில்லை. மலையைக் கெல்லி எலியைப் பிடித்தது போதாதென்று, எலியைப் பிடித்த பிறகும் மூன்றரை மணி நேரம் மலையைக் கெல்லியிருக்கிறேன்.

'23ஆவது ஸ்லைடு, அட்டவணை மட்டும்.' நான்கு சொற்கள். இதை எழுத, மின்னஞ்சல் அனுப்பியவருக்கு அரை நிமிடம் ஆகியிருக்குமா? எங்கள் வகுப்பில் பாதிப் பேராவது என்னைப் போல விழித்திருந்தார்கள். குழுவில் ஒரு மணிக்கும் செய்தி வந்துகொண்டே இருந்தது: "யாருக்காவது வேறு ஏதாவது கிடைத்ததா?"

படிப்பு கடினம் என்பதற்காக நான் குமுறவில்லை. தெரிந்துதான் சேர்ந்தேன். இங்கே அமெரிக்காவில் பெரும்பாலான இடங்களில் மொத்தமே சுமார் 27 மாதங்கள், கோடை விடுமுறை என்று ஒன்று கிடையாது. முதல் ஓராண்டு வகுப்பறை, பிறகு ஏறக்குறைய 2,000 மணி நேரம் மருத்துவமனைகளிலும் சிகிச்சையகங்களிலும் சுழற்சிப் பயிற்சி, அதன் பிறகு உரிமத்துக்கான தேசியத் தேர்வு: 300 கேள்விகள், ஐந்து மணி நேரம். இந்தப் படிப்பு பிறந்ததே அவசரத்தில்தான். 1965இல் டியூக் பல்கலைக்கழகத்தில் டாக்டர் யூஜின் ஸ்டெட் இதைத் தொடங்கியபோது, கடற்படையில் மருத்துவ உதவியாளர்களாக வேலை பார்த்த நான்கு பேரைத்தான் சேர்த்தார். இரண்டாம் உலகப் போர்க்காலத்தில் டாக்டர்களை விரைவாக உருவாக்கிய முறைதான் அவருக்கு முன்மாதிரி. ஆகவே வேகம் எனக்குப் புரிகிறது. அந்த வேகத்துக்கு ஏற்றபடிதான் என் நாளைப் பிரித்து வைத்திருக்கிறேன். அன்றைய பாடம் அன்றைக்கே, மூன்றாம் நாள் ஒருமுறை, பத்தாம் நாள் இன்னொருமுறை. மூன்று பேராகச் சேர்ந்து வெள்ளைப் பலகையில் பார்க்காமல் வரைகிறோம், யார் தடுமாறுகிறாரோ அவரே மறுநாள் அதை மற்ற இருவருக்கும் நடத்த வேண்டும். தூக்கத்தில் மட்டும் கை வைப்பதில்லை, ஏனென்றால் தூங்காமல் படித்த மருந்துப் பெயர்கள் இரண்டாம் நாளே காணாமல் போவதை இரண்டு முறை அனுபவித்திருக்கிறேன். குருவி கூடு கட்டுவது போல ஒவ்வொரு குச்சியாக அடுக்கி வைத்த அந்த நாளை, இரவு 9.52க்கு ஒருவர் வந்து ஒரே உதையில் கலைக்கிறார். எங்கள் நேரம் அவருக்கு அவ்வளவு மலிவு.

இதோடு முடிந்திருந்தால்கூட இதை எழுதியிருக்க மாட்டேன்.

காலையில் தேர்வு. பதினான்காவது கேள்வி: வயது 52, இரண்டு வருகைகளில் ரத்த அழுத்தம் 134/84, எந்த நிலை? படித்ததும் எனக்கு அப்படியொரு நிம்மதி. இரவெல்லாம் விழித்ததற்கு இந்த ஒரு மதிப்பெண்ணாவது கிடைக்குமே என்று, தயங்காமல் 'முதல் நிலை' என்று குறித்தேன். மாலையில் முடிவு வந்தது. தவறாம்! விடைக்குறிப்பில் இருந்தது 'முந்தைய நிலை'. ஸ்லைடை மாற்றியவர் விடைக்குறிப்பை மாற்றவில்லை. அந்த மின்னஞ்சலைப் பார்க்காமல் ஒன்பது மணிக்கே தூங்கப் போன நண்பருக்கு முழு மதிப்பெண்.

பக்க எண், ஆண்டு, அட்டவணை எல்லாவற்றையும் குறிப்பிட்டுக் கடிதம் எழுதினேன். பதில் வந்தது: "தங்கள் கருத்து பாடத்திட்டக் குழுவின் கவனத்துக்குக் கொண்டு செல்லப்படும்." இது கருத்தா? 134/84 என்பது என் கருத்தா? அடுத்த ஆண்டு இதே எண்ணோடு ஒரு நோயாளி என் முன்னால் உட்காருவார். அவரை 'முந்தைய நிலை' என்று சொல்லி அனுப்பிவிட்டு, குழுவின் முடிவு வரட்டும் என்று காத்திருக்க வேண்டுமா?

இன்று மதியம் இந்த எரிச்சலோடு சாப்பிடப் போனால், பொது அறை ஃபிரிட்ஜில் என் டப்பாவைக் காணவில்லை. மூடியில் என் பெயரைக் கொட்டை எழுத்தில் எழுதி வைத்த டப்பா, வெளியே மேசைமேல், வெயில் படும் இடத்தில். உள்ளே அது இருந்த இடத்தில் ஆறு குளிர்பான பாட்டில்கள் வரிசையாக நிற்கின்றன. யார் ஐயா நீங்கள்? பாட்டிலைப் படுக்க வைத்தாலும் குளிரும்!