கையெழுத்திட்ட பிறகும் மருந்தாய்விலிருந்து விலகலாம்

அல்சரேட்டிவ் கொலைட்டிஸ், க்ரோன் நோய் போன்ற குடல் அழற்சி உள்ளவர்களைச் சேர்த்து மருந்துகளைச் சோதித்துப் பார்க்கும் மருந்தாய்வுகளில், ஒருமுறை கையெழுத்திட்டால் ஆய்வு முடியும்வரை விலக முடியாது என்றும், விலகினால் அதுவரை ஆன செலவைத் திருப்பிக் கட்ட வேண்டும் என்றும் சிலர் பகிர்கிறார்கள். இந்தியாவைப் பொறுத்தவரை இது சரியன்று.

2019ஆம் ஆண்டின் புதிய மருந்துகள் மற்றும் மருத்துவ ஆய்வு விதிகளின் மூன்றாம் அட்டவணை, ஆய்வில் சேர்பவர் கையெழுத்திடும் ஒப்புதல் படிவத்தில் இருக்க வேண்டியவற்றைக் கூறுகிறது. பங்கேற்பு முழுக்கத் தன்விருப்பம், காரணம் கூறாமலே எப்போது வேண்டுமானாலும் விலகலாம், அதனால் வழக்கமான சிகிச்சையோ சட்ட உரிமையோ பாதிக்கப்படாது என்பது அவற்றுள் ஒன்று. விலகியதற்காகப் பணம் கேட்பது இதற்கு நேர் முரணானது.

தவறான புரிதலுக்கு ஒரு காரணம் இருக்கலாம். ஸ்டீராய்டு போன்ற மருந்துகளைத் திடீரென நிறுத்துவது ஆபத்தானது என்பதால், விலக விரும்புவோரையும் அளவைப் படிப்படியாகக் குறைத்து, இறுதியாக ஒரு பரிசோதனைக்கு வந்துபோகும்படி மருத்துவர்கள் கேட்பதுண்டு. அந்த அறிவுரையை மதிப்பது நல்லது. ஆனால் அது வேண்டுகோளே தவிர, கட்டாயமன்று.

சரிபார்க்க விரும்புவோர் மத்திய மருந்துத் தரக் கட்டுப்பாட்டு அமைப்பின் இணையதளத்தில் அவ்விதிகளைப் படிக்கலாம். ஏற்கெனவே ஆய்வில் இருப்பவர்களுக்கு அதைவிட எளிய வழி, தங்களுக்குத் தரப்பட்ட ஒப்புதல் படிவத்தின் நகலை எடுத்துப் பார்ப்பதே. நகல் தரப்படவில்லையெனில் கேட்டுப் பெறுங்கள். மறுத்தால் அந்த ஆய்வுக்கு அனுமதியளித்த நெறிமுறைக் குழுவிடம் முறையிடலாம்.