பயந்தால்தான் பிள்ளையா?

ஞாயிற்றுக்கிழமை பெற்றோர் கூட்டத்தில் அந்தச் சிறப்பு விருந்தினர் பேசியதைப் பற்றித்தான். வராதவர்களுக்கும் இதற்குள் யாராவது சொல்லியிருப்பார்கள். "எட்டாவது தாண்டிட்டா பிள்ளைங்ககிட்ட சிரிச்சுப் பேசாதீங்க, பயம் விட்டுப்போகும்." அதற்குக் கைதட்டல் வேறு. எனக்குக் கை எழவில்லை.

பயம் விட்டுப்போகட்டுமே! பிள்ளை நம்மிடம் மனசு விட்டுப் பேச வேண்டுமென்றால் முதலில் போக வேண்டியது அதுதானே?

என் மகள் பதினொன்றாவது படிக்கிறாள். பகலில் என்ன கேட்டாலும் "ஒண்ணுமில்ல"தான். ராத்திரி பத்தரைக்கு மேல் நான் மாவுக்கு உப்புப் போட்டுக் கரைக்கிற நேரத்தில் அடுப்பு மேடையில் ஏறி உட்கார்ந்துகொண்டு ஆரம்பிப்பாள். இந்த வயதில் உடம்பின் தூக்கக் கடிகாரமே பின்னுக்குத் தள்ளிப்போகிறது, நமக்குக் கண் சொருகும்போதுதான் அவர்களுக்குப் பேச்சே வருகிறது. அப்படி ஒரு ராத்திரிதான் பஸ்ஸில் ஒருவன் தினமும் உரசிக்கொண்டு நிற்பதைச் சொன்னாள். மறுநாள் கோரிப்பாளையத்தில் நானும் அதே பஸ்ஸில் ஏறினேன், கண்டக்டரிடம் சொல்லி அவனை இறக்கிவிட்டோம். பிள்ளைகளைப் பாலியல் தொல்லையிலிருந்து காக்கிற போக்சோ சட்டம் 2012-லேயே வந்துவிட்டது, குழந்தைகள் உதவி எண் 1098-க்கு எந்நேரமும் கூப்பிடலாம், எல்லாம் சரி. பிள்ளை வாயைத் திறந்தால்தானே இதெல்லாம் உதவும்? "உன்னை யாரு அந்த பஸ்ல போகச் சொன்னா" என்று கேட்கிற வீட்டில் எந்தப் பிள்ளை சொல்லும்?

செல்லம் கொடுத்தால் தலைக்கு மேல் ஏறுவார்கள் என்பீர்கள். என் வீட்டில் பத்து மணிக்கு போன் ஹாலுக்கு வந்துவிட வேண்டும், அதற்குச் சண்டையும் நடக்கும். பேசுவது வேறு, கேட்டதையெல்லாம் வாங்கித் தருவது வேறு. இதைக்கூடவா விளக்க வேண்டும்? நேரம் எங்கே இருக்கிறது என்று கேட்டால் அது நியாயம், கப்பலூரில் நைட் ஷிப்ட் பார்த்துவிட்டு வருகிறவரை நான் ஒன்றும் சொல்ல மாட்டேன்.

ஆனால் "நாங்கல்லாம் பயந்துதான் வளர்ந்தோம்" என்று மட்டும் என்னிடம் சொல்லாதீர்கள். நானும் அப்படித்தான் வளர்ந்தேன். மேலூர் வீட்டு வாசலில் அப்பா செருப்புச் சத்தம் கேட்டால் ஆளுக்கொரு மூலைக்கு ஓடுவோம். மதுரைச் சித்திரைத் திருவிழாவில் அழகர் எதிர்சேவைக்குத் தல்லாகுளம் கூட்டிவருவார், கூட்டத்தில் கையை விடவே மாட்டார், ஒரு வார்த்தையும் பேச மாட்டார். இப்போது போன் பண்ணினால் "சாப்டியா, அங்க மழையா", அப்புறம் "இந்தா, அம்மாட்ட குடுக்கிறேன்". அதே மனிதர் பேத்தியிடம் விடாமல் பேசுகிறார், கேட்டுச் சிரிக்கிறார். பேசத் தெரியாதவர் இல்லை அவர். பெற்ற பிள்ளையிடம் அப்படிப் பேசக்கூடாது என்று அந்தக் காலத்தில் யாரோ சொல்லியிருக்கிறார்கள், அவரும் நம்பிவிட்டார்.