அந்த ரைட் சைடு தானா காலியாகல
1970 ஃபுட்பால் உலகக் கோப்பைல பிரேசில் டீம் ஃபார்மேஷன்னு (யார் எங்க நிக்கணும்ங்கற திட்டம்) ஒண்ணு இல்லாம வெறும் திறமையாலயே ஜெயிச்சதுனு கட்டுரைல எழுதியிருக்கீங்க, என்னால ஒத்துக்கவே முடியல. ஃபைனல்ல இத்தாலி ஆளுக்கு ஆள் மார்க்கிங், அதாவது ஒவ்வொருத்தரும் எதிரணில ஒருத்தர் பின்னாடியே சுத்தணும், அதனால பிரேசிலோட ரைட் விங் ஜைர்சின்யோ லெஃப்ட் பக்கம் நகர நகர இத்தாலி டிஃபெண்டர் ஃபக்கெட்டியும் அவர் பின்னாடியே போயிட்டாரு, ரைட் பக்கம் மொத்தமா காலி. அந்த 86வது நிமிஷ கோலை இன்னொரு தடவ பாருங்க, பீலே பாலை வாங்கி ஒரு செகண்ட் நின்னு அவசரமே இல்லாம வலது பக்கம் மெதுவா தள்ளி விடுவாரு, ரைட் பேக் (வலது பக்க டிஃபெண்டர்) கார்லோஸ் ஆல்பர்ட்டோ பின்னாடி இருந்து ஓடி வந்து ஒரே அடி, 4-1. என்ன அழகுங்க அது! லெஃப்ட் பேக் எவரால்டோ பெருசா மேல ஏறாம பின்னாடியே நின்னதாலதான் கார்லோஸ் ஆல்பர்ட்டோவால அவ்வளவு தைரியமா ஓட முடிஞ்சுது, ஆனா எவரால்டோவப் பத்தி யாருமே பேசறதில்ல