வாக்குச்சீட்டைக் கீழிருந்து படிப்பவன்

நவம்பர் தேர்தலைப் பற்றி ஆறு மாதம் ஓயாமல் பேசும் நம் கலிஃபோர்னியா நண்பர்களின் வீடுகளில், நவம்பரில் யார் யார் போட்டியிடுவது என்பதைத் தீர்மானிக்கும் முதல் சுற்றான பிரைமரிக்கான வாக்குச்சீட்டு மட்டும் உறை பிரிக்கப்படாமல், பீட்சாக் கடைக் கூப்பன்களுக்கு அடியில் கிடப்பதைப் பலமுறை பார்த்திருக்கிறேன். 2024 மார்ச்சில் நடந்த பிரைமரியில், பதிவு செய்த வாக்காளர்களில் மூன்றில் ஒரு பங்கினரைச் சற்றே தாண்டித்தான் வாக்களித்தார்கள். தமிழ்நாட்டில் வேட்பாளரைக் கட்சித் தலைமை அறிவித்துவிடும். நமக்கு எஞ்சுவது சின்னம். அந்தப் பழக்கத்தில், வேட்பாளரையே நாம் தேர்ந்தெடுக்கக் கிடைக்கும் வாய்ப்பை இங்கே கை நழுவ விடுகிறோம் என்றே எனக்குத் தோன்றுகிறது.

2010இல் கலிஃபோர்னியா வாக்காளர்களே வாக்களித்து நிறைவேற்றிய 14ஆவது முன்மொழிவின்படி, மாநிலப் பதவிகளுக்கும் அமெரிக்க நாடாளுமன்றமான காங்கிரஸின் இடங்களுக்கும் எல்லாக் கட்சியினரும் ஒரே பட்டியலில் போட்டியிட, கட்சி எதுவாயினும் முதல் இருவர் மட்டுமே நவம்பருக்குச் செல்கிறார்கள். இதன் விபரீதத்தை 2012இல் சான் பெர்னார்டினோ பகுதியின் 31ஆவது காங்கிரஸ் தொகுதி காட்டியது. ஜனநாயகக் கட்சிக்குச் சாதகமான அந்தத் தொகுதியில் அக்கட்சியினர் நால்வர் நின்று வாக்குகளைப் பிரித்துக்கொள்ள, குடியரசுக் கட்சியினர் இருவரே இறுதிச் சுற்றுக்குப் போனார்கள். ஆகவே, எனக்கு உவப்பான கருத்துடையவர்கள் கூட்டமாக நிற்கும்போது, மனத்துக்கு மிகப் பிடித்தவரை விட்டுவிட்டு, முதல் இரண்டு இடங்களுக்குள் வரக்கூடியவருக்கு வாக்களிக்கிறேன். இது கொள்கைத் துரோகம் என்று என் மனைவி சொல்கிறார். முழுவதுமாக மறுக்க என்னால் முடியவில்லை.

ஒரு வாக்கில் என்ன ஆகிவிடும் என்பவர்களுக்கு 2024இன் 16ஆவது காங்கிரஸ் தொகுதியை நினைவூட்டுவேன். சாம் லிக்கார்டோ முதலிடம் பெற, இவான் லோவும் ஜோ சிமிட்டியனும் ஆளுக்கு 30,249 வாக்குகள் பெற்று இரண்டாம் இடத்தில் சமநிலையில் நின்றார்கள். மறு எண்ணிக்கையில் லோ ஐந்து வாக்குகள் முந்த, சிமிட்டியன் வெளியேறினார். பாலோ ஆல்ட்டோவும் மவுன்டன் வியூவும் அடங்கிய தொகுதி அது. அங்கே நம்மவர்கள் வாழும் ஓர் அடுக்கக வளாகமே அந்த ஐந்து வாக்குகளைத் தந்திருக்கும்.

இருந்தாலும், என் நேரத்தில் பெரும்பகுதியை நான் செலவிடுவது சீட்டின் அடிப்பகுதியில்தான். உயர் பதவிகளுக்குப் போட்டியிடுகிறவர்களைப் பற்றித் தொலைக்காட்சி சொல்லிவிடும். சுப்பீரியர் கோர்ட் எனப்படும் கவுண்ட்டி (மாவட்டம் போன்றது) நீதிமன்றத்தின் நீதிபதி பதவிக்கு நிற்பவரைப் பற்றி யார் சொல்வார்கள்? ஆறாண்டுப் பதவி அது. பிரைமரியிலேயே பாதிக்கு மேல் வாங்கிவிட்டால் ஆட்டம் முடிந்தது, நவம்பர் வரை காத்திருக்க வேண்டியதில்லை. ஆனால் கட்சிப் பெயர் இல்லாத அந்தச் சீட்டில் வேட்பாளரைப் பற்றி இருப்பது, ஒரு சில சொற்களில் அவரே எழுதிக்கொடுத்த தொழில் விவரம். வாக்காளர்களுக்கு அனுப்பப்படும் அரசுக் கையேட்டில் அவருடைய அறிக்கை இல்லை என்பதற்காகவும் அவரை ஒதுக்க வேண்டாம்; அதை அச்சிடப் பணம் கட்ட வேண்டும்.

ஆகவே நான் பணத்தின் பின்னே போகிறேன். நன்கொடைக் கணக்கைக் காட்ட வேட்பாளர்கள் தாக்கல் செய்யும் 460ஆம் படிவத்தில், 100 டாலரோ அதற்கு மேலோ கொடுத்தவர்களின் பெயர், தொழில், வேலை செய்யும் நிறுவனம் எல்லாம் இருக்கும். கவுண்ட்டியை நிர்வகிக்கும் குழுவின் உறுப்பினரான மேற்பார்வையாளர் பதவிக்கு நிற்பவருக்கு வீட்டுமனை நிறுவனத்தினர் அள்ளிக் கொடுத்திருப்பது கண்ணில் பட்டால், அவருடைய பிரசுரத்திலுள்ள மரங்களின் படத்தை வேறு விதமாகப் பார்க்கத் தோன்றும். தபாலில் வரும் பளபளப்பான 'வாக்காளர் வழிகாட்டி' அட்டைகளில் பெயருக்கருகே உள்ள நட்சத்திரக் குறியையும் கவனியுங்கள்: இடம்பெறப் பணம் கொடுக்கப்பட்ட பெயர் என்று அதற்குப் பொருள்.

“யாருக்குன்னு நீங்களே சொல்லிடுங்க அண்ணா, குறிச்சிடறேன்” என்று ஒரு நண்பர் தம் சீட்டைப் படமெடுத்து வாட்ஸ்அப்பில் அனுப்பினார். பதிலுக்கு 460ஆம் படிவத்தைத் தேடும் பக்கத்தின் இணைப்பை அனுப்பினேன். இரண்டு நாள் பேச்சில்லை. மூன்றாம் நாள், மேற்பார்வையாளர் பதவிக்கு நான் குறித்திருந்தவருக்கு நன்கொடை கொடுத்தவர்களின் பட்டியலை அனுப்பி, “இவங்களைப் பார்த்தீங்களா?” என்று கேட்டார். நான் பார்க்கவில்லை. என் உறை அதற்குள் தபாலில் போய்விட்டிருந்தது.