கிரியாட்டினின் மட்டும் பார்த்தால் போதாது

சர்க்கரை நோயாளிகள் செய்ய வேண்டிய பரிசோதனைகள் பற்றி ஒரு கட்டுரை படித்தேன். வருடம் ஒருமுறை ரத்தத்தில் கிரியாட்டினின் (சிறுநீரகம் வடிகட்டி வெளியேற்றும் கழிவு) பார்த்தால் சிறுநீரகத்துக்குப் போதும் என்பதுபோல அது ஒரே வரியில் முடித்துவிட்டது. அப்படிச் சொன்னது சரியில்லை. ரத்தத்தில் கிரியாட்டினின் ஏறும்போது சிறுநீரகத்தின் திறனில் பாதி போயிருக்கலாம். சிறுநீரில் ஆல்புமின் என்ற புரதம் கசிவது பெரும்பாலும் அதற்குப் பல வருடம் முன்பே தொடங்கிவிடும். லேபில் 'ஆல்புமின் கிரியாட்டினின் விகிதம்' என்று கேளுங்கள், கொஞ்சம் சிறுநீர் கொடுத்தால் போதும். ஒரு கிராம் கிரியாட்டினினுக்கு ஆல்புமின் 30 மில்லிகிராமுக்குக் கீழே இருந்தால் சரி. 30 முதல் 300 வரை என்றால் மாத்திரையிலும் பிரஷர் கட்டுப்பாட்டிலும் பாதிப்பைப் பிடித்து நிறுத்த நல்ல வாய்ப்பு இருக்கிறது. காய்ச்சலோ சிறுநீர்த் தொற்றோ இருக்கும்போது மட்டும் எடுக்க வேண்டாம், அளவு கூடுதலாகக் காட்டும்.

அப்புறம் கண். கண்ணாடிக் கடையில் பவர் பார்த்ததையே கண் பரிசோதனைக் கணக்கில் சேர்ப்பவர்கள் எங்கள் சொந்தத்திலேயே நிறைய. சொட்டு மருந்து விட்டு, கண்மணியை விரித்து விழித்திரையைப் பார்ப்பது வேறு. பெரியவர்களுக்குப் பரவலாக வரும் டைப் 2 சர்க்கரை நோய் என்றால் நோய் தெரிந்த உடனேயே அதைச் செய்ய வேண்டும், பார்வை பளிச்சென்று இருந்தாலும். விழித்திரை பாதிப்புக்குச் செய்யும் லேசர் சிகிச்சை, இருக்கிற பார்வையைக் காக்கும். போனதைப் பெரும்பாலும் மீட்டுத் தராது.

மூட்டுவலிக்கு மெடிக்கலில் தானாக டைக்ளோஃபினாக் வாங்கிப் போடுகிறவர்களைப் பற்றியும் அந்தக் கட்டுரையில் இரண்டு வரி எழுதியிருக்கலாம். சிறுநீரகத்துக்கு அது பெரிய கெடுதல்.