அடியில் இருக்கும் ஆறு எழுத்தை நம்பி விலை பேசாதீர்கள்

சீனப் பேரரசர் காலத்து ஜாடி என்று யாராவது படம் போட்டால், கூடவே அதன் அடிப்பாகத்தின் படமும் வந்துவிடும். அதில் ஆறு சீன எழுத்துகள் இருக்கும். "மகா மிங், ஜிங்தாய் ஆண்டுகளில் செய்தது" என்று ஒருவர் படித்துச் சொல்வார். மிங் என்பது 1368 முதல் 1644 வரை சீனாவை ஆண்ட வம்சம், ஜிங்தாய் அதில் 1450-ல் தொடங்கிய ஓர் ஆட்சி. உடனே 1450 என்று முடிவு கட்டிவிடுவார்கள், விலையும் எகிறும். அந்த அடிப்பாகம் கடைசியாகப் பார்க்க வேண்டிய இடம் என்பதுதான் என் கருத்து.

அந்த எழுத்துகள் ஆட்சியின் பெயர். பேரரசர் தன் ஆட்சிக்கு ஒரு பெயர் சூட்டுவார், ஆண்டுகள் அதிலிருந்து எண்ணப்படும். இலங்கையின் காலி நகரில் கிடைத்து இப்போது கொழும்பு அருங்காட்சியகத்தில் நிற்கும் மும்மொழிக் கல்வெட்டின் சீனப் பகுதி யோங்லே 7-ஆம் ஆண்டு என்கிறது, அதாவது 1409. தமிழும் பாரசீகமும் அதே கல்லில் இருக்கின்றன. அங்கே அது உண்மையான தேதி. ஜாடியின் அடியில் இருப்பது பல நேரம் பழைய காலத்துக்குச் செய்த மரியாதை மட்டுமே. 1677-ல், பீங்கானுக்குப் பேர்போன ஜிங்தேஜென் ஊரின் அதிகாரி, ஆளும் பேரரசர் காங்சியின் ஆட்சிப் பெயரைப் பீங்கானில் எழுதக் கூடாது என்று தடை போட்டார். சூளைக்காரர்கள் இருநூறு வருடம் பழைய மிங் ஆட்சியான செங்ஹுவாவின் பெயரை எழுதினார்கள், அல்லது வெறும் இரட்டை வட்டம் போட்டு உள்ளே காலியாக விட்டார்கள். அதில் மோசடி ஏதும் இல்லை. மோசடி, அதை இன்று 15-ஆம் நூற்றாண்டு என்று விற்பவரிடம் இருக்கிறது.

செம்பின் மேல் கம்பி கட்டி எனாமல் நிரப்பிய ஜிங்தாய்லான் கலங்களில் இந்தக் குழப்பம் இன்னும் பெரிது. அந்தக் கலைக்கே ஜிங்தாய் பெயர் ஒட்டிக்கொண்டதால், எல்லாரும் அதையே பொறித்தார்கள். பழைய கலத்துக்குப் புதிய கழுத்தும் அடியும் பொருத்தி ஜிங்தாய் பெயர் போட்டவை அரண்மனைச் சேகரிப்பிலேயே உண்டு.

வேலை எப்படி நடக்கிறது என்று தெரிந்தால் கண் தானாகச் சரியான இடத்துக்குப் போகும். செம்புத் தகட்டைத் தட்டி உருவம் செய்வார்கள். தட்டையான மெல்லிய கம்பியை இடுக்கியால் வளைத்துப் பூவும் இலையுமாக்கி, ஒரு வகை ஆர்க்கிட் கிழங்கின் பசையால் ஒட்டி, பற்றுவைத்து உலையில் வைப்பார்கள். பிறகு கண்ணாடிப் பொடியைத் தண்ணீரில் குழைத்துக் கம்பி அறைகளுக்குள் நிரப்பி, சுமார் 800 டிகிரியில் சுடுவார்கள். பொடி உருகியதும் கம்பி மட்டத்துக்குக் கீழே இறங்கிவிடும். அதனால் மறுபடி நிரப்பி, மறுபடி சுட வேண்டும். மூன்று நான்கு தடவை. கடைசியில் கல்லாலும் கரியாலும் தேய்த்து மட்டமாக்கி, தெரியும் கம்பிக்குப் பொன் முலாம்.

பொடிக்குள் காற்று அகப்பட்டால் தேய்க்கும்போது ஊசிமுனைக் குழிகள் வெளிப்படும். பழைய மிங் கலங்களில் இவை ஏராளம். பின்னாளில் வண்ண மெழுகு வைத்து அடைத்ததையும் பார்க்கலாம். அகலமான நீலப் பரப்பை வெறுமையாக விட்டால் எனாமல் பிடிக்காது, விரிசல் விடும். பின்னணியில் சுருள் சுருளாகக் கம்பி ஓடுவது அழகுக்காக மட்டும் என்று நினைக்க வேண்டாம், எனாமலைத் தாங்கிப் பிடிப்பதே அதுதான்.

பத்து மடங்கு லென்ஸை எடுத்துக் கம்பியைப் பாருங்கள். மிங் காலக் கம்பி தட்டிச் செய்தது. தடிமன் ஏறி இறங்கும், சில இடங்களில் நீளவாக்கில் பிளந்திருக்கும். பிற்காலத்தது இழுத்துச் செய்தது, ஒரே சீராக ஓடும். அடுத்து இளஞ்சிவப்பு. மிங் காலத்தில் சிவப்புப் பொடியையும் வெள்ளைப் பொடியையும் கலந்து அந்த நிறத்தைக் கொண்டுவந்தார்கள், லென்ஸில் இரண்டும் தனித்தனிப் புள்ளியாகத் தெரியும். தங்கத்திலிருந்து எடுத்த, வழவழப்பான ரோஜா நிறம் 18-ஆம் நூற்றாண்டில்தான் வந்தது. அந்த ரோஜா இதழ் ஒன்று இருந்துவிட்டால் போதும், அடியில் ஜிங்தாய் என்று எத்தனை ஆழமாக வெட்டியிருந்தாலும் கலம் 1450-ஐச் சேர்ந்ததல்ல.

மரப்பலகையில் எழுத்தைச் செதுக்கி அச்சடித்த பழைய சீனப் புத்தகங்களுக்கும் இதே கதைதான். முகப்பில் உள்ளது பலகையைச் செதுக்கிய ஆண்டு. அதே பலகையில் நூறு வருடம் கழித்தும் அச்சடிப்பார்கள். ஓரக் கோடுகள் உடைந்து, பல எழுத்துகளின் குறுக்கே ஒரே நேராக வெள்ளைப் பிளவு ஓடினால், பலகை வறண்டு வெடித்த பிறகு எடுத்த பிரதி அது.

எழுத்துக்குள்ளேயும் ஒரு சாட்சி இருக்கிறது. பேரரசரின் சொந்தப் பெயரிலுள்ள எழுத்தை முழுசாக எழுதக் கூடாது. காங்சியின் பெயரில் 'ஷுவான்' என்ற எழுத்து வருவதால், 1662-க்குப் பின் அதன் கடைசிப் புள்ளியை விட்டுவிடுவார்கள், அல்லது 'யுவான்' என்று மாற்றி எழுதுவார்கள். மிங் காலப் பதிப்பு என்று சொல்லும் புத்தகத்தில் புள்ளியில்லாத ஷுவான் வந்தால் சந்தேகப்படுங்கள். ஆனால் இதை மட்டும் வைத்துத் தீர்ப்புச் சொல்லவும் முடியாது. மிங்குக்கு முந்தைய சோங் வம்சக் காலத்திலும் அதே எழுத்துக்குத் தடை இருந்தது, சோங் பதிப்பை அப்படியே பார்த்துச் செதுக்கியவர்கள் அந்தக் குறையையும் சேர்த்துச் செதுக்கினார்கள். காகிதம், பலகைத் தேய்மானம், தவிர்த்த எழுத்துகள் மூன்றும் ஒரே திசையைக் காட்ட வேண்டும்.

புத்தகம் கையில் இருப்பவர்களிடம் ஒரு வேண்டுகோள். நூலால் தைத்த சீனப் புத்தகத்தில் ஒவ்வொரு தாளும் ஒரு பக்கம் மட்டும் அச்சாகி, நடுவில் மடிக்கப்பட்டு, மடிப்பு வெளிப்பக்கம் பார்த்திருக்கும். வெட்டாமல் விட்டுப்போன பக்கம் என்று நினைத்து அதைக் கிழித்துப் பிரித்த பிரதிகள் உலகில் நிறைய இருக்கின்றன. நூலின் பெயர், அத்தியாயம், தாள் எண் எல்லாம் அந்த மடிப்பின் மேல்தான் அச்சாகியிருக்கும். வெட்டினால் அவை இரண்டாகப் பிளந்துபோகும், உள்ளே வெற்றுக் காகிதத்தைத் தவிர ஒன்றும் கிடைக்காது. அங்கே கத்தி வைக்காதீர்கள். நிமிர்த்தியும் வைக்காதீர்கள், மெல்லிய அட்டை வளைந்து நூல் அறுந்துவிடும். படுக்கவைத்து அடுக்குங்கள்.